கனரக பிக்கப் டிரக்: முன் டயர்களின் சீரற்ற தேய்மானத்தைக் கண்டறிதல்

கனரக பிக்கப் டிரக்கின் முன் டயர்கள் அகலம் முழுவதும் ஒரே அளவில் தேயாமல், ஒரு ஓரத்திலோ நடுவிலோ திட்டுத்திட்டாகவோ தேய்வது சீரற்ற தேய்மானம் எனப்படும். காற்றழுத்தம், சக்கரங்களின் கோணங்கள், ஸ்டீயரிங் இணைப்புகள், சஸ்பென்ஷன், சுமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நிலை தவறியிருப்பதை அது காட்டுகிறது. காரணத்தைத் தேடாமல் புது டயர் பொருத்தினால் அதுவும் அதே வழியில் தேயும். ஆகவே பழைய டயரைக் கழற்றி வீசுவதற்கு முன் அதன் தேய்மானத்தைப் படித்தறிய வேண்டும்.

வாகன வகை

இவ்வகை டிரக்குகள் முதன்மையாக அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்குகின்றன. ஃபோர்டு சூப்பர் டூட்டி எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500, செவ்ரோலே சில்வராடோ 2500 எச்டி, 3500 எச்டி ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. சுமையுடன் சேர்த்து இவற்றுக்கு அனுமதிக்கப்படும் மொத்த எடை பெரும்பாலும் 8,501 முதல் 14,000 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 3,850 முதல் 6,350 கிலோ வரை இருக்கும். டீசல் வகைகளில் எஞ்சின் எடையின் பெரும்பகுதி முன் ஆக்சில் மேல் விழுகிறது. ராம் டிரக்கின் கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் எஞ்சின் மட்டுமே ஏறத்தாழ அரை டன். பனி அகற்றும் கலப்பையை முன்னால் மாட்டினால் பாரம் மேலும் கூடும். பின்னால் டிரெய்லர் இழுக்கும்போது இதற்கு மாறாக முன்பக்கம் சற்றுத் தூக்கிக்கொள்ளும்.

முன்பக்க அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. நான்கு சக்கர இயக்கமுள்ள ஃபோர்டு, ராம் டிரக்குகளில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்சில் உள்ளது. ஃபோர்டு தன் நான்கு சக்கர இயக்க சூப்பர் டூட்டியில் 2005 மாடல் முதல் முன்பக்க லீஃப் ஸ்பிரிங்கை விட்டுக் காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் எச்டி டிரக்குகளில், சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷனை, முறுக்கத்தால் ஸ்பிரிங்காகச் செயல்படும் தண்டான டார்ஷன் பாருடன் பயன்படுத்துகிறது. தேய்மானத்தின் காரணத்தை எங்கே தேடுவது என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

தேய்மான வடிவங்கள்

*இரு ஓரங்களும் தேய்தல்.* காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி சாலையில் போதிய அழுத்தம் பெறாது, இரு தோள்களும் பாரத்தைச் சுமக்கும். கனமான டீசல் டிரக் நெருக்கமான திருப்பங்களில் அடிக்கடி ஓடினால், சரியான காற்றழுத்தம் இருந்தாலும் தோள்கள் விரைவில் தேயும்.

*நடுவில் தேய்தல்.* இது அளவுக்கு மீறிய காற்றின் அடையாளம். இந்த டிரக்குகளில் பரவலாக உள்ள ஈ சுமை வரிசை (லோட் ரேஞ்ச் ஈ) டயர்களின் பக்கச்சுவரில் 80 பிஎஸ்ஐ என்று பொறித்திருக்கும். டயர் தன் முழுச் சுமையையும் தாங்குவதற்கான அழுத்தம் அது. அன்றாட ஓட்டத்துக்கான அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள ஒட்டுத்தாளில் இருக்கும், அதில் முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு எண்கள் இருப்பது வழக்கம். டயர்களை இடம் மாற்றியபின் காற்றை அந்தந்த இடத்துக்கேற்ப மாற்றாமல் விடுவது அடிக்கடி நேரும் தவறு.

*ஒரே ஓரம் வழவழப்பாகத் தேய்தல்.* சக்கரம் செங்குத்தாக நில்லாமல் சாய்ந்திருக்கும் கோணம் கேம்பர். மேல்புறம் வெளியே சாய்ந்தால் வெளி ஓரமும், உள்ளே சாய்ந்தால் உள் ஓரமும் தேயும். ஒரு பக்க டயரில் மட்டும் இது தெரிந்தால் அந்தப் பக்கத்துப் பால் ஜாயின்ட், பேரிங், வளைந்த உறுப்பு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

*இறகுபோலத் தேய்தல்.* டயரின் மேற்பரப்பிலுள்ள ரப்பர் கட்டிகளான பட்டன்களின் ஒரு விளிம்பு மழுங்கி, மறுவிளிம்பு கூராக நிற்கும் இவ்வடிவத்துக்குக் காரணம் டோ கோணம். மேலிருந்து பார்க்கையில் முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கினால் டோ-இன், வெளிநோக்கி விலகினால் டோ-அவுட். சக்கரம் காட்டும் திசை ஒன்று, வண்டி போகும் திசை வேறு என்பதால் டயர் உருண்டுகொண்டே பக்கவாட்டில் உரசுகிறது. சக்கரம் 0.1 டிகிரி பிறழ்ந்திருந்தாலே, கணக்குப்படி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.75 மீட்டர் பக்க இழுப்பு நேர்கிறது. எனவே கோணங்களுள் டயரை மிக விரைவாகத் தின்பது டோ கோணமே.

இதைக் கண்ணைவிடக் கை தெளிவாகச் சொல்லும். வண்டியை நிறுத்தி, டயரில் கம்பியோ ஆணியோ நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதிசெய்தபின், உள்ளங்கையை டயரின் குறுக்கே இரு திசைகளிலும் தேய்க்க வேண்டும். உள்ளிருந்து வெளியே தேய்க்கும்போது கூர்மை தட்டினால் டோ-இன் மிகுந்துள்ளது. வெளியிலிருந்து உள்ளே தேய்க்கும்போது தட்டினால் டோ-அவுட். வண்டி நேரே ஓடும்போது பிறழ்வை இரு சக்கரங்களும் பகிர்ந்துகொள்வதால் இந்த அடையாளம் பெரும்பாலும் இரு முன் டயர்களிலும் தெரியும்.

*கிண்ணக்குழித் தேய்மானம்.* டயரின் சுற்றளவில் விட்டுவிட்டுப் பள்ளங்கள் விழுவது, சக்கரம் சாலையை விட்டுத் துள்ளித் துள்ளி இறங்குவதைக் காட்டும். வலுவிழந்த ஷாக் அப்சார்பர், வீல் பேலன்சிங் பிழை, தளர்ந்த பேரிங் அல்லது பால் ஜாயின்ட் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். வேகத்தில் ஊளையிடும் ஓசையும் உடன் வரும். அதைப் பேரிங் ஓசையென்று மயங்குவோர் உண்டு.

*படிபோலத் தேய்தல்.* சுழலும் திசையில் ஒவ்வொரு பட்டனின் ஒரு முனை உயர்ந்தும் மறுமுனை தாழ்ந்தும் இருக்கும். பெரிய பட்டன்கள் கொண்ட சேற்றுப்பாதை டயர்களை நெடுநாள் இடம் மாற்றாமல் ஓட்டினால் இது உண்டாகும்.

கண்டறியும் வரிசை

சோதனை எளியதிலிருந்து தொடங்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்றபின், டயர் குளிர்ந்த நிலையில் காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்புவது போதாது. டயர் அழுத்தக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கும் அமெரிக்க விதி 10,000 பவுண்டு வரையிலான வாகனங்களுக்கே பொருந்தும், அதிலும் அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் எச்சரித்தால் போதும். தோள்கள் தேயத் தொடங்க அவ்வளவு குறைய வேண்டியதில்லை.

அடுத்து, பட்டன் ஆழத்தை உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களிலும், டயரைச் சுற்றிச் சில இடங்களிலும் அளந்து குறிக்க வேண்டும். கடைசியாக டயர்கள் எப்போது இடம் மாறின என்ற விவரமும் தேவை. இப்போது முன்னாலிருக்கும் டயர் பின்னாலிருந்தபோது பெற்ற தேய்மானத்தோடு வந்திருக்கலாம். சிறு குறிப்பேட்டில் எழுதப்பட்ட இந்த எண்கள் விலையுயர்ந்த கருவியைவிடப் பயன்படுவதுண்டு.

பின்னர் தளர்ச்சியைத் தேட வேண்டும். சக்கரங்கள் தரையில் நிற்க, எஞ்சின் ஓட, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறு அளவில் விரைந்து திருப்ப வேண்டும். மற்றொருவர் சக்கரங்களைத் திருப்பும் டை ராட்டின் முனைகள், ஒற்றை ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரின் இரு முனைகள், ஸ்டீயரிங் பாக்ஸ், அதிலிருந்து வெளிவரும் பிட்மன் ஆர்ம் ஆகியவற்றைக் கவனிப்பார். திருப்பும் விசை அடுத்த உறுப்புக்குப் போகாமல் ஏதேனும் ஒரு இணைப்பிலேயே தங்கிவிட்டால் ஆட்டம் அங்கேதான்.

அதன்பின் ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்ட், பேரிங் ஆகியவற்றின் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ராட் ஆட்டம் தெரியும். டார்ஷன் பார் வண்டியில் கீழ்க் கண்ட்ரோல் ஆர்மின் அடியில் ஜாக்கி வைத்தால்தான் பால் ஜாயின்ட் பாரத்திலிருந்து விடுபட்டுத் தன் தளர்ச்சியைக் காட்டும். ஒற்றை ஆக்சில் வண்டியில் ஆக்சிலைத் தூக்கி, டயருக்கடியில் கடப்பாரையால் நெம்பிப் பார்க்க வேண்டும்.

அமைப்புக்கேற்ற காரணங்கள்

ஒற்றை ஆக்சிலில் சஸ்பென்ஷன் உயரம் மாறினாலும் கேம்பர் பெரிதாக மாறாது. எனவே கேம்பர் பிழை தெரிந்தால் தேய்ந்த பால் ஜாயின்ட் அல்லது வளைந்த ஆக்சிலை முதலில் நினைக்க வேண்டும். டோ அப்படியன்று. பழைய ராம் டிரக்குகள் பலவற்றில், இடச்சக்கரத்தின் டை ராட், பிட்மன் ஆர்மிலிருந்து வலச்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டின் இடையில் இணைகிறது. இந்த அமைப்பில் முன்பக்கம் ஏறி இறங்கும்போது டோவும் மாறும். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் பொருத்திவிட்டு, அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) செய்யாமல் ஓட்டினால் டயர் தாங்காது.

ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தை உயர்த்துவது பலரும் செய்யும் மாற்றம். அப்போது கேம்பர், டோ இரண்டும் மாறுகின்றன. ஆகவே கோணங்களை அளக்குமுன் வண்டியின் நிற்கும் உயரத்தை அளப்பது அவசியம். நாள்தோறும் ஏற்றிச் செல்லும் கருவிப்பெட்டி, கலப்பைச் சட்டம் முதலிய நிலையான பாரத்தோடே அலைன்மென்ட் செய்தால்தான் எண்கள் உண்மையான ஓட்டத்துக்குப் பொருந்தும்.

ஒற்றை ஆக்சில் வண்டிகளில், நெடுஞ்சாலை வேகத்தில் மேட்டில் ஏறியதும் ஸ்டீயரிங் கடுமையாக உதறும் நிலையை ஓட்டுநர்கள் டெத் வாபிள் என்கிறார்கள். தளர்ந்த டிராக் பார் அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஸ்டீயரிங் டாம்பரை மட்டும் மாற்றினால் உதறல் சில காலம் அடங்கும், ஆனால் தளர்ச்சி அப்படியே இருக்கும், டயரும் தொடர்ந்து தேயும். இது உயிரோடு தொடர்புடையது என்பதால் ஒத்திப்போடக் கூடாது.

சீர்செய்தலும் தடுப்பும்

அலைன்மென்ட் கடைசி வேலை. ஆட்டம் கண்ட உறுப்புகள் இருக்கும்போது கருவி காட்டும் கோணம் அந்த நொடிக்கு மட்டுமே உரியது, சாலையில் இறங்கியதும் அது மாறிவிடும். முதலில் உறுப்புகளை மாற்றி, பிறகு காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு), கேம்பர், இறுதியில் டோ என்ற வரிசையில் சரிசெய்ய வேண்டும். ஃபோர்டின் ஒற்றை ஆக்சிலில் மேல் பால் ஜாயின்ட்டில் பொருத்தும் மையம் விலகிய புஷ் வழியாகக் கேம்பர் மாற்றப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் மேல் கண்ட்ரோல் ஆர்மின் கேம் போல்ட்டுகள் அதற்கு உதவும்.

டயர்களை 8,000 முதல் 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுவது பரவலான பரிந்துரை. விழுந்துவிட்ட குழிகள் பழுது நீங்கியபின்னும் மறைவதில்லை, அவற்றின் ஓசையும் டயர் உள்ளவரை தொடரலாம். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் பட்டன் ஆழத்தின் குறைந்தபட்ச அளவு 1.6 மி.மீ. மாநிலங்களுக்கிடையே வணிகத்துக்கு ஓடும், 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரக்குகளின் முன் டயர்களுக்கு அது 3.2 மி.மீ. சராசரி அல்ல, மிகவும் தேய்ந்த இடத்தின் ஆழத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் கம்பியிழை வெளியே தெரிந்தால் அந்த டயரில் ஒரு பயணமும் கூடாது.

பழுது நீங்கியதா என்பதை அலைன்மென்ட் தாள் உறுதிசெய்யாது. 1,500 முதல் 2,000 கிலோமீட்டர் ஓட்டியபின் அதே மூன்று இடங்களில் மீண்டும் அளந்து முந்தைய எண்களோடு ஒப்பிட வேண்டும். மூன்று இடங்களிலும் தேய்மானம் ஒத்திருந்தால் கண்டறிந்த காரணம் சரியானது. ஒரு ஓரம் இன்னும் முந்தினால் சோதனையை மறுபடி காற்றழுத்தத்திலிருந்து தொடங்க வேண்டும்.