கொண்டையராஜு பக்கத்தில் இன்னொரு பேர்

ரவிவர்மாவை (1848–1906) "தானாகவே கற்றுக்கொண்ட மேதை" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஏன் தானாகக் கற்க வேண்டியிருந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

கிளிமானூரிலிருந்து சின்னப் பையனாகத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வருகிறார். மாமா ராஜராஜ வர்மா அடிப்படையைச் சொல்லிக்கொடுத்திருந்தார். எண்ணெய் வண்ணம் மட்டும் தெரியாது. அது தெரிந்தவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ராமசாமி நாயக்கர். அவர் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை குருவுக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடம் எடுக்கவில்லை, வரையும்போது பார்க்க மட்டும் விட்டார். மிச்சமெல்லாம் ரவிவர்மா தானே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். அவர் திறமை பெரிசு, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதையில் மூடின கதவும் ஒன்று இருக்கு.

இதற்கு நேர் எதிராக நடந்த ஒருத்தர் நம்ம ஊர்ப்பக்கம் இருந்தார்: கோவில்பட்டி சி. கொண்டையராஜு.

1898-இல் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் படித்தார். கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிக்குப் போய்ப் படுதா எழுதினார். படுதா எழுதுவது லேசான வேலை இல்லை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது அரண்மனையா, காடா, கைலாயமா என்று பார்த்த உடனே தெரியணும். அவருடைய காலண்டர் படங்களைப் பாருங்க: சாமி நடுவில் நேராக நம்மைப் பார்க்கும், இரண்டு பக்கமும் சமமாகத் தூண்கள், மேலே திரை. அந்த மேடை அப்படியே காகிதத்துக்கு இறங்கி வந்திருக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கம்பெனி கலைந்த பிறகு 1940-களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுற்றிப் பையன்கள் சேர்ந்தார்கள். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், எஸ். மீனாட்சிசுந்தரம், ஜி. செண்பகராமன் என்று ஒரு வரிசையே உருவானது. படிப்பு அத்தனையும் பட்டறையில்தான். குரு வரைவதைப் பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து போடுவது, திருத்து வாங்குவது. தேவி ஆர்ட் ஸ்டுடியோ போன்ற போட்டோ ஸ்டுடியோ வேலையும் கூடவே நடந்தது.

பக்கத்தில் சிவகாசி. தீப்பெட்டி லேபிள் அச்சடித்து வளர்ந்த ஊர், காலண்டருக்கு வந்தபோது அதற்கு சாமி படம் தேவைப்பட்டது. கோவில்பட்டி அதைக் கொடுத்தது. மீனாட்சி கல்யாணம், முருகன், லட்சுமி என்று ஒவ்வொரு படமும் கடைப்பேரோடு மளிகைக்கடை, ஜவுளிக்கடை வழியாக வீடுகளுக்குப் போனது. தமிழ்நாட்டைத் தாண்டியும் போனது. வருஷம் முடிந்து தேதித்தாள் தீர்ந்த பிறகும் படத்தைத் தூக்கிப்போட மனசு வராது. வெட்டிக் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டிவிடுவோம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கையெழுத்து. பல படங்களில் கொண்டையராஜு பேரோடு சீடர் பேரும் சேர்ந்தே இருக்கும். கொண்டையராஜு – சுப்பையா, கொண்டையராஜு – ராமலிங்கம், இப்படி. உலகம் முழுக்கப் பட்டறைகளில் வழக்கம் வேறு. துணி மடிப்பும் பின்னணியும் சீடர்கள் போடுவார்கள், கையெழுத்து குருவுடையது. ரூபன்ஸ் பட்டறையில் வேலை பார்த்த பலருடைய பேர் இன்று யாருக்கும் தெரியாது. கோவில்பட்டியில் குரு தன் பேருக்குப் பக்கத்திலேயே இடம் விட்டார். சந்தையில் விலைபோன பேர் அவருடையது. அதன் பக்கத்தில் நின்றதால் சீடரின் பேரும் அச்சகக்காரர்களுக்குத் தெரியவந்தது. பிற்பாடு அவர்கள் தனியாகவும் கையெழுத்துப் போட்டுத் தொழில் செய்தார்கள்.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். எங்கள் தொழிலில் எந்த வரியை யார் எழுதினார் என்று 'கிட்' பதிவு வைத்திருக்கும், பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். காலண்டருக்கு அந்த வசதி கிடையாது. ஓரத்தில் இருக்கிற அந்தக் குட்டிக் கையெழுத்து ஒன்றுதான் பதிவு.

அதே காலத்தில் சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் சோழமண்டலம் என்று ஒரு வரலாறு முறையாக எழுதப்பட்டுவிட்டது. அதற்கு நூல்கள் உண்டு, அருங்காட்சியகம் உண்டு. 1976-இல் காலமான கொண்டையராஜுவைப் பற்றி ஸ்டீபன் இங்லிஸ் போன்ற வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் படத்துக்கு முன்னால் தினமும் விளக்கேற்றுகிற வீடுகளில் அவர் பேர் தெரியாது.

தெரியாததற்குக் காரணமும் சாதாரணம்தான். சட்டம் போடும்போது முதலில் வெட்டுப்படுவது கீழ் ஓரம். வெட்டாமல் விட்டாலும் மரச்சட்டம் அதை மறைத்துவிடும். எங்க மீமிசல் பக்கம் கடற்காற்று வேற, காகிதம் சீக்கிரம் பழுத்துப் பொடிந்துவிடுகிறது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதும், இடித்துக் கட்டும்போதும் இந்தப் படங்கள்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய சிவகாசி சாமி படம் இருந்தால், சட்டம் மாற்றும் அன்றைக்குக் கீழ் ஓரத்தை வெட்ட விடாமல் பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு பேர் இருந்தால் இரண்டாவது பேரையும் குறித்துக்கொள்ளுங்கள்.