2147483647

2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு) என்பது 2147483646 இற்கும் 2147483648 இற்கும் இடைப்பட்ட இயற்கை எண் ஆகும். இது 2³¹ − 1 இற்குச் சமம். இது ஒரு பகா எண். 32-பிட்டுக் கணினிகளில் குறியுடன் சேமிக்கத்தக்க முழு எண்களுள் மிகப் பெரியதும் இதுவே.

கணித இயல்புகள்

இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து 1 ஐக் கழிக்கக் கிடைக்கும் பகா எண்கள் மெர்சென் பகா எண்கள் எனப்படுகின்றன. அவ்வரிசையில் இது எட்டாவது. இதன் அடுக்கான 31 உம் (2⁵ − 1) ஒரு மெர்சென் பகா எண் என்பதால், இது இரட்டை மெர்சென் பகா எண்ணும் ஆகும். இத்தகையவை நான்கே இதுவரை அறியப்பட்டுள்ளன.

இரும முறையில் இவ்வெண் தொடர்ச்சியான 31 ஒன்றுகளால் எழுதப்படும். இதை 2³⁰ ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்னும் எட்டாவது செவ்விய எண் கிடைக்கும். தன்னைத் தவிர்ந்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே செவ்விய எண்.

பகா எண் என நிறுவப்படல்

இவ்வெண் பகா எண்ணே என்பதை லியோனார்டு ஆய்லர் 1772 இல் அறிவித்தார். அப்போது அவர் பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்திருந்தார். இதன் வர்க்கமூலம் 46340 ஐச் சற்றே விஞ்சுவதால், அதுவரையுள்ள பகா எண்களால் வகுபடாது எனக் காட்டினால் போதும். ஆனால் அவையே 4,700 இற்கும் மேற்பட்டவை. இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி ஒன்று இருக்குமாயின், அதனை 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகவே அமையும் என ஆய்லர் கண்டார். எனவே ஏறத்தாழ 370 எண்களைச் சோதிப்பதே போதுமானதாயிற்று.

மேற்கூறிய செவ்விய எண்ணைவிடப் பெரிய செவ்விய எண்ணை இனி எவரும் கண்டறியப் போவதில்லை என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811 இல் எழுதினார். இவ்வெண்கள் விந்தையானவையே அன்றிப் பயனற்றவை என்பது அவர் கூறிய காரணம். எனினும் 1876 இல் எடுவார்டு லூக்கா 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என நிறுவினார். அதிலிருந்து இன்னும் பெரிய செவ்விய எண் ஒன்று பெறப்பட்டது.

கணினியியலில்

32 பிட்டுகளுள் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கப்படுவதால் எண்ணுக்கு 31 பிட்டுகளே எஞ்சுகின்றன. ஆகவே உச்ச மதிப்பு 2147483647. இவ்வரம்பு பிட்டுகளின் எண்ணிக்கையால் அமைவது. இவ்வெண் பகா எண்ணாக இருப்பதால் அன்று.

பகா இயல்பு நேரடியாகப் பயன்படும் இடம் வேறு. ஓர் எண்ணை 16807 ஆல் பெருக்கி, 2147483647 ஆல் வகுத்து, மீதியை மீண்டும் அவ்வாறே பெருக்கி வகுப்பது சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் அறியப்பட்ட முறைகளுள் ஒன்று. இத்தொடர் 2147483646 உறுப்புகளுக்குப் பின்னரே மீளும்.

யுனிக்சு வகை இயக்குதளங்கள் நேரத்தை 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளாகக் கணக்கிடுகின்றன. 32 பிட்டுகளில் அதனைச் சேமிக்கும் கருவிகளில் 2038 சனவரி 19 அன்று, ஒருங்கிணைந்த சர்வதேச நேரம் 03:14:07 இற்கு, இக்கணக்கு 2147483647 ஐ எட்டும். அடுத்த நொடியில் அது −2147483648 ஆக மாற, கருவி 1901 திசம்பர் 13 ஐக் காட்டும். இது 2038 ஆம் ஆண்டுச் சிக்கல் எனப்படுகிறது. 64 பிட்டுகளுக்கு மாறுவதே இதற்கான தீர்வு. எளிதில் புதுப்பிக்க இயலாத பழைய கருவிகளும் கோப்பு வடிவங்களுமே இதில் கவலைக்குரியவை.