பொய்வலியும் மெய்வலியும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்மவர் வழக்கம். வலி கண்டால் அங்கே சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். அடங்கினால் பொய்வலி, அடங்காவிடில் மெய்வலி என்று பாட்டியோ மருத்துவச்சியோ தீர்ப்புச் சொல்வாள். பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நம் வீடுகளில் அந்தப் பாட்டி இல்லை. நடுநிசியில் இடுப்பு வலித்தால் கணவனும் மனைவியும் செய்வதறியாது திகைக்கிறோம்.

இத்திகைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. வைத்திய சாஸ்திரமும் இக்கேள்வியுடன் நெடுங்காலம் மல்லாடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பேராசிரியர் நெகேல், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணும் கணக்கைப் பரப்பினார். அக்கணக்கு இன்றும் வழங்குகிறது. ஆயினும் குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 1872-இல் லண்டன் மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ், கருப்பை கர்ப்பகாலம் முழுவதுமே அவ்வப்போது இறுகித் தளர்கிறது என்று விளக்கினார். பாட்டிமார் பொய்வலி என்றதற்கு அவர் பெயரே இன்று மருத்துவ நூல்களில் வழங்குகிறது.

நம் நாட்டில் 1844-இல் சென்னையில் அரசினர் பிரசவ மருத்துவமனை தோன்றியது. பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அம்மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் இலட்சுமணசுவாமி முதலியார், 1938-இல் மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்றை வெளியிட்டார். இந்தியாவெங்கும் மருத்துவ மாணவர் அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பயின்றனர். ஆகவே, இங்கே நம் மொழி அறியாத வைத்தியரிடம் போனாலும், நம்மூர் அனுபவத்தின் ஒரு பகுதி அங்கே நமக்கு முன்பே வந்து காத்திருக்கிறது எனலாம்.

எங்கள் இல்லத்திலும் இவ்வாறு நேர்ந்தது. இரண்டு இரவுகள் ஆஸ்பத்திரிக்கு ஓடி, இரண்டு முறையும் திரும்பினோம். ‘ஜூட்டா தர்த்’ என்றாள் தாதி. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல்லைத் தமிழாக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டியின் பொய்வலியேதான் அது! வெட்கத்தால், மூன்றாம் முறை வலி கண்டபோது விடியட்டும் என்று தாமதித்தோம். அதுவே மெய்வலி. தாயும் சேயும் நலமாயினர். எனினும் அந்தத் தாமதத்தை எண்ணினால் இன்றும் நெஞ்சம் நடுங்குகிறது.

மெய்வலி ஒழுங்கான இடைவெளியில் வரும். வரவர இடைவெளி குறையும், வலி மிகும், நீளும். நடந்தாலும் படுத்தாலும் நிற்காது. பொய்வலிக்கு இவ்வொழுங்கு இல்லை. பனிக்குடம் உடைந்தாலும், இரத்தம் போனாலும், சிசுவின் அசைவு குறைந்தாலும் வலிக்காகக் காத்திராமல் உடனே புறப்பட வேண்டும். மாதம் நிறையுமுன் ஒழுங்கான வலி கண்டாலும் அவ்வாறே.

பொய்வலிக்காகப் பத்து முறை போய்த் திரும்புவதில் நாணம் வேண்டாம். வைத்தியரையே நூறாண்டுகள் குழப்பிய கேள்வி அது. பாட்டி அருகில் இருந்தால் சொல்லியிருப்பதும் இதுவே: சந்தேகமானால் போய்ப் பார்த்துவிடு.