பதிப்புகளைச் சுமக்கும் மரங்கள்

கணினி நிரல்களின் பழைய பதிப்புகளை ஒழுங்காகக் காத்துவைத்த முன்னோடி மென்பொருள்களுள் ஒன்று எஸ்.சி.சி.எஸ். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1972இல் மார்க் ராக்கைண்ட் அதை உருவாக்கினார். ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளின் வரிகளும் ஒரே கோப்பில் பின்னி எழுதப்பட்டன. எந்த வரி எந்தப் பதிப்பில் சேர்ந்தது, எதில் நீங்கியது என்ற குறிப்பும் உடனிருந்தது. அதனால் எந்தப் பதிப்பை எடுப்பதற்கும் முழுக் கோப்பையும் படிக்க வேண்டியிருந்தது.

1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி எழுதிய ஆர்.சி.எஸ். இந்தச் சுமையைக் குறைத்தது. பெரும்பாலோர் கேட்பது கடைசிப் பதிப்பையே என்பதால் அதை முழுதாக வைத்து, முந்தையவற்றுக்குப் பின்னோக்கிய வேறுபாடுகளை மட்டும் சேமித்தது. 1.1, 1.2 எனத் தண்டு வளர, 1.2.1.1 போன்ற எண்களோடு கிளைகள் பிரிந்தன; வரலாறே மரமாயிற்று. ஆனால் ஒருவர் திருத்தும் பதிப்பு பிறருக்குப் பூட்டப்பட்டது. டச்சு அறிஞர் டிக் க்ரூன் 1986இல் வெளியிட்ட சி.வி.எஸ். அந்தப் பூட்டைத் தளர்த்தியது: பலரும் ஒரே கோப்பைத் திருத்திப் பிறகு இணைக்கலாம். எனினும் ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறே இருந்தது.

2004இல் முதல் முழுப் பதிப்பு கண்ட சப்வெர்ஷன், கோப்புறை மரம் முழுவதற்கும் ஒரே பதிப்பு எண்ணைத் தந்தது. மாறிய கோப்பிலிருந்து வேர் வரையுள்ள கோப்புறைகள் மட்டும் புதிதாக எழுதப்பட்டன. மாறாத கிளைகளைப் பழைய பதிப்பும் புதியதும் பகிர்ந்துகொண்டன. ஆனால் எண் வழங்கும் உரிமை மையச் சேவையகத்திடமே இருந்தது.

அந்த மையத்தை விலக்கும் வழி மறைக்குறியீட்டியலில் முன்பே பிறந்திருந்தது. ரால்ஃப் மெர்க்கிள் 1979இல் முன்வைத்த மரத்தில், இலைகளின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹேஷ் என்னும் சுருக்க எண்களைச் சேர்த்து மேல்நிலை எண் கணக்கிடப்படும். வேரில் நிற்கும் ஒரே எண் மரம் முழுவதற்கும் சான்றாகும். 2003இல் வந்த மோனோடோன் என்ற மென்பொருள் பதிப்புகளுக்கு ஹேஷ் எண்ணையே அடையாளமாக்கியது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் குழு 2002 முதல் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற பதிப்பு மேலாண்மை மென்பொருளின் இலவச உரிமம் 2005இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாகக் கிட் என்ற மென்பொருளை எழுதினார். அதில் கோப்பின் உள்ளடக்கம், கோப்புறை மரம், பதிப்புப் பதிவு ஒவ்வொன்றும் தன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட 40 இலக்கப் பெயரைப் பெறும். இரு மரங்களின் வேர்ப் பெயர் ஒன்றானால் ஒப்பீடு அங்கேயே முடியும். வேறானால் வேறுபட்ட கிளைகளில் மட்டும் இறங்கினால் போதும். பகிரும்போதும் எதிர்த்தரப்பிடம் இல்லாதவை மட்டுமே அனுப்பப்படும். இரு கிளைகள் இணையும் பதிவுக்கு இரண்டு பெற்றோர் உண்டு. எனவே வரலாறு மரத்தைத் தாண்டி, சுழற்சியற்ற வலைப்பின்னலாக விரிகிறது.

இந்த ஏற்பாடு ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றை வைத்தது. ஒரே உள்ளடக்கத்துக்கு எங்கு கணக்கிட்டாலும் ஒரே பெயர் வருவதால், எவரிடமும் எண் கேட்காமல் பதிப்புகளை உருவாக்கவும் பகிரவும் சரிபார்க்கவும் முடிந்தது.