ஹோமோல்கா திரைப்படங்கள்

செக்கோஸ்லோவாக்கியாவில் யாரோஸ்லாவ் பபோஷெக் எழுதி இயக்கிய மூன்று குடும்ப நகைச்சுவைப் படங்கள். பிராக் நகரின் நெருக்கடியான வீடு ஒன்றில் ஹோமோல்கா குடும்பத்தின் தாத்தா, பாட்டி, மகன் லுட்வா, மருமகள் ஹெடுஷ், இரட்டைப் பேரன்கள் என ஆறு பேர் முட்டி மோதிக்கொண்டு வாழ்வதே இவற்றின் களம்.

பபோஷெக் (1929–1995) சிற்பக் கலை பயின்றவர். இவருடைய கதையே இயக்குநர் மிலோஷ் ஃபோர்மனின் 'கறுப்புப் பீட்டர்' படமாயிற்று. தொடர்ந்து 'தீயணைப்புப் படையினரின் நடன விருந்து' (1967) உள்ளிட்ட படங்களுக்கு ஃபோர்மன், இவான் பாசர் ஆகியோருடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் புகுந்தபின் அந்த இருவரும் அமெரிக்காவில் தங்கிவிட, பபோஷெக் ஊரிலேயே இருந்தார்.

முதல் படமான 'எக்கே ஹோமோ ஹோமோல்கா' 1969ஐச் சேர்ந்தது என்றும் 1970ஐச் சேர்ந்தது என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகிறது. முன்னது தயாரிப்பு ஆண்டு, பின்னது திரைக்கு வந்த ஆண்டு. கதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடுகிறது. காட்டில் மரநிழலில் பொழுதைக் கழிக்கும் கூட்டத்தின் காதில் ஒரு பெண்ணின் அபயக்குரல் விழுகிறது. என்ன ஏது என்று பார்க்கப் போகாமல், தட்டுமுட்டுச் சாமான்களை அள்ளிக்கொண்டு ஆளாளுக்கு ஓட்டம் பிடிக்கிறார்கள். மீதிப் படம் வீட்டுக்குள். லுட்வாவுக்குக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகவேண்டும், ஹெடுஷுக்குக் குதிரைப் பந்தயம். இந்த அற்பச் சண்டை வளர்ந்து, பழைய கணக்குகள் எல்லாம் வெளியே வருகின்றன. நடுவே, பருத்த உடல்வாகுள்ள ஹெடுஷ் தன்னை மறந்து பாலே ஆடும் இடம் உண்டு. சிரிக்கத்தான் தொடங்குகிறோம், ஹெலெனா ரூஷிச்கோவாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

தாத்தாவாக வரும் யோசஃப் ஷெபானெக் தொழில்முறை நடிகர் அல்லர். ஃபோர்மன் படங்களின் வழியாகத் திரைக்கு வந்தவர். பாட்டி மரியே மோட்லோவா, லுட்வா ஃப்ரான்டிஷெக் ஹுசாக். பேரன்களாக அட்டகாசம் செய்யும் பேட்டரும் மட்டேயும் ஃபோர்மனின் சொந்த மகன்கள். தந்தை கடல்கடந்து இருந்த காலத்தில், அவருடைய பழைய கூட்டாளியின் கேமரா முன் அவர்கள் வளர்ந்தார்கள்.

இந்த முதல் படம், செக் புதிய அலை என்னும் திரைப்பட இயக்கத்தின் கடைசிப் படங்களுள் ஒன்றா, அதற்குப் பின்வந்த இறுக்கமான காலத்து நகைச்சுவையின் தொடக்கமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. காட்டு ஓட்டத்தை 1968க்குப் பிந்தைய சமூகத்தின் கோழைத்தனத்துக்கு உருவகமாகக் கொள்ளலாம். சிறுபுத்திக்காரக் குடும்பத்தைப் படம் எள்ளுகிறதா, அரவணைக்கிறதா என்பதும் பார்ப்பவரைப் பொறுத்தது.

இரண்டாவதான 'ஹோகோ ஃபோகோ ஹோமோல்கா'வில் குடும்பத்துக்குக் கார் வருகிறது. மூன்றாவதான 'ஹோமோல்காவும் பணப்பையும்' (1972) விடுமுறைப் பயணக் கதை.

ரூஷிச்கோவா பின்னாளில் ஸ்டெனெக் ட்ரோஷ்காவின் கிராமத்து நகைச்சுவைப் படங்களிலும் புகழ்பெற்று 2004இல் காலமானார். ஃபோர்மன் சகோதரர்கள் தங்கள் பெயரில் நாடகக் குழு நடத்திவருகின்றனர்.