ஒட்டகச் சிவிகை முதல் சக்கர நாற்காலி வரை: முதியோரின் ஹஜ் பயணம்

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜை நிறைவேற்றிய வேளையில், கஸ்அம் குலத்துப் பெண்மணி ஒருவர் வந்து தம் தந்தையைப் பற்றிக் கேட்டார். ஹஜ் கடமையானபோது அந்தத் தந்தை தள்ளாத முதுமையில் இருந்தார்; வாகனத்தின் மீது உறுதியாக உட்கார அவரால் இயலவில்லை. அவருக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று அப்பெண்மணி கேட்க, செய்யலாம் என்று நபியவர்கள் விடையளித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. வயதைச் சொன்னதோடு அப்பெண்மணி நின்றுவிடவில்லை. வாகனத்தில் அமர இயலாமையையும் சொன்னார். முதியோரின் ஹஜ் வரலாறு பெரும்பாலும் அந்த வாகனத்தின் வரலாறுதான்.

நம் பாட்டனார் காலத்தில் அது கப்பலாக இருந்தது. தமிழகத்து ஹாஜிகள் பலர் ரயிலில் மும்பை சென்று, முகல் லைன் கப்பல்களில் ஜித்தாவுக்குப் புறப்பட்டனர். வசதி குறைந்தோர்க்குக் கப்பலின் தளமே படுக்கை. செங்கடலில் மற்றொரு சோதனையும் இருந்தது. 1882இல் உதுமானிய அரசு கமரான் தீவில் நோய்த்தடுப்பு முகாம் ஒன்றை நிறுவியது. கிழக்கிலிருந்து வந்த ஹாஜிகள் அங்கே இறங்கி, உடைமைகளைத் தூய்மைப்படுத்தக் கொடுத்துவிட்டு, நாள்கணக்கில் காத்திருந்தனர். இளையோரே சலித்துக்கொண்ட இடத்தில் முதியோர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. நடுக்கடலில் மவுத்தானவர்களை ஜனாஸா தொழுது கடலிலேயே அடக்கினர். இதையெல்லாம் அறிந்தே அவர்கள் கடன்களைத் தீர்த்து, உற்றாரிடம் பொருத்தம் கேட்டு வீட்டைவிட்டு இறங்கினர்.

ஜித்தாவிலிருந்து மக்காவுக்கு ஒட்டகம். முதியோரும் பெண்களும் 'ஷுக்துஃப்' என்னும் இரட்டைச் சிவிகையில் சென்றனர். ஒட்டகத்தின் இருபுறமும் ஒவ்வொரு கட்டில்போல் தொங்கும். மேலே நிழலுக்குக் கூரை. இருபுறமும் எடை ஒத்திருக்க வேண்டும்; ஒருவர் அசைந்தால் மற்றவருக்கும் ஆட்டம். முதிய தம்பதியர் இருவரும் ஒருவரையொருவர் தாங்கியே மக்கா சேர்ந்தனர் என்று சொன்னால் மிகையாகாது. பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன, சிவிகை மறைந்தது.

1995இல் மும்பையிலிருந்து ஹஜ் கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பல நாள் கடற்பயணம் சில மணி நேர விமானப் பயணமாகச் சுருங்கியது. மூட்டு வலியுள்ள பெரியவர்களுக்கு இது பேருதவி, ஐயமில்லை. ஆனால் கப்பலில் அமைதியாக அமர்ந்து ஹஜ்ஜின் கிரியைகளைக் கற்றுக்கொள்ளக் கிடைத்த அந்த நாள்கள் இன்று இல்லை. அதை ஊரிலேயே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2010இல் மினா, முஸ்தலிஃபா, அரஃபாவை இணைக்கும் ரயிலும், 2018இல் மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே விரைவு ரயிலும் ஓடத் தொடங்கின. ஸஃயீ செய்யுமிடத்தில் சக்கர நாற்காலிகளுக்குத் தனிப்பாதை உண்டு. நாற்காலியில் அமர்ந்து தவாஃப் செய்வதில் கூச்சப்படும் வாப்பாமார் இன்றும் இருக்கிறார்கள். நோயுற்றிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களை, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்யச் சொன்னவர்கள் நபியவர்களே.

வசதி இத்தனை பெருகியும், மகள் திருமணம் முடியட்டும், வீட்டு வேலை முடியட்டும் என்று பெற்றோரின் ஹஜ்ஜை நாம் தள்ளிவைக்கிறோம். பிறகு சக்கர நாற்காலியிலும் அமர முடியாத நாள் வருகிறது. அப்போது கஸ்அம் குலப் பெண்மணியின் வழியே மீதி: பிள்ளை பதிலாகச் செல்வது. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. செல்பவர் தம் சொந்த ஹஜ்ஜை முன்பே முடித்திருக்க வேண்டும். வாப்பாவும் போகாமல், பிள்ளையும் போகாமல் இருக்கும் வீடுகள் நம் தெருவிலேயே எத்தனை!