சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள்

மலைநாட்டில் மோட்டார் சைக்கிள் போட்டி என்று பேச்செடுத்தால் எல்லோரும் நேரே நுவரெலியாவுக்குப் போய்விடுவார்கள். மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஏப்ரல் சீசன் என்றால் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் போல இதுவும் அதில் சேர்த்தி. அங்கே கணக்கு எளிது. கீழே புறப்பட்ட நேரம், மேலே சேர்ந்த நேரம், அவ்வளவுதான். அந்தப் போட்டி மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களின் கெட்டித்தனத்தை விநாடிகளால் அளக்க முடியாது. கல்லும் வேரும் சேறுமாகக் கிடக்கும் பாதையில் நடைவேகத்தில், கால் நிலத்தில் படாமல், வண்டியை நிறுத்தாமல் கொண்டுபோவது அவர்களுடைய வித்தை. இதற்கென்றே உலகத்தில் ஒரு போட்டி உண்டு. அதை ட்ரயல்ஸ் என்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் 1909ஆம் ஆண்டிலிருந்து ஆறு நாள் ட்ரயல்ஸ் நடக்கிறது. ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் அதே காரியத்தைச் சம்பளத்துக்குச் செய்தார்கள். அதனால் யாரும் எழுதிவைக்கவில்லை.

தோட்டத்து ரோட்டு மோட்டாருக்காக வெட்டப்பட்டதல்ல. தோட்டக்காரர் சங்கம் கண்டியில் உருவானது 1854இல். அது கோப்பிக் காலம். கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்கு வந்ததும், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதும் ஒரே 1867இல். அந்தக் காலத்துப் பாதைகள் மாட்டுவண்டிக்கும் தலைச்சுமைக்கும் அளவெடுத்தவை. மலையின் இடுப்பைச் சுற்றி ஓடும், திடீரென்று ஒரு கானைத் தாண்டும், வளைவில் அகலம் குறையும். இதில்தான் சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி அதிகாரி, காலையில் பெரட்டுக்களத்துக்கு வந்து, ஆளெடுத்து முடித்து, மலை மலையாகப் போய், கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு மடுவத்தில் நிற்க வேண்டும். குதிரையில் போனவர்களின் காலம் முடிந்ததும் மோட்டார் சைக்கிள் வந்தது. பெரியதுரைக்குக் கார், சின்னத்துரைக்கு இரண்டு சக்கரம். இந்தப் படிநிலையை லயத்துப் பிள்ளைகள்கூட அறிவார்கள். எங்களுக்கு சத்தத்தைக் கேட்டாலே யார் வருகிறார் என்று தெரியும்.

பிறகு போர் வந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு மாறி, பேராதனைப் பூங்காவுக்குள் குடியேறியது. தகவல் கொண்டு ஓடும் படைவீரர்களை பிரித்தானியப் படை பழக்கிய முறை ஏறக்குறைய ட்ரயல்ஸ்தான்: சேற்றுக்குள் இறக்கு, கல்லில் ஏற்று, காலை ஊன்றாதே. சமாதான காலத்து ட்ரயல்ஸ் ஓட்டுநர்கள் பலர் இங்கிலாந்தில் பயிற்சி ஆசிரியர்களாகவே இருந்தார்கள். அந்தப் படையிடம் அப்போது இருந்தவை பிஎஸ்ஏ எம்20, நோர்டன் 16எச், ஏரியல், மெட்ச்லெஸ் ஜி3எல். எம்20 என்பது 496 சி.சி., சைட் வால்வ், 170 கிலோவுக்குப் பக்கத்தில் பாரம். உழைப்பாளி, ஆனால் வயிறு தாழ்ந்தது, கல்லில் இடிக்கும். மெட்ச்லெஸ் 347 சி.சி., முன்பக்கம் எண்ணெய் நிரப்பிய போர்க். எந்த வண்டி நல்லது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் மெட்ச்லெஸ் என்பேன். எங்கள் நானாவுக்கு எம்20தான் உயிர். அதைப் பற்றி நாங்கள் கடைசிவரை உடன்படவில்லை.

நானா என்பவர் கட்டுகஸ்தோட்டையில் மகாவலிப் பாலத்துக்கு இப்பால் கராஜ் வைத்திருந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அவரிடம் கோலயாவாகச் சேர்ந்தேன். தோட்டத்து வண்டிகள் அங்கேதான் வரும். அவர் கற்றுக்கொடுத்ததில் முக்கால்வாசி வேகமாக ஓடும் வண்டிக்குப் பயன்படாது. மெதுவாக ஓடும் வண்டிக்கே அந்த நோய்கள் வரும்.

உதாரணத்துக்கு ஒன்று. கலஹாப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வரும். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், மூன்று நான்கு மைல் ஒழுங்காக ஓடும், ஏற்றத்தில் மூச்சடங்கி நிற்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்ப ஓடும். இந்த ஒரே குணத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மேக்னெட்டோ. பழைய லூகாஸ் மேக்னெட்டோவின் சுருளில் பூசிய அரக்கு சூட்டில் இளகும், அல்லது கண்டென்சர் சூடேறியதும் கைவிடும். தணிந்ததும் தீப்பொறி திரும்ப வரும். மற்றது, பெட்ரோல் தாங்கி மூடியில் இருக்கும் ஊசித் துவாரம் தூசியும் சேறும் புகுந்து அடைத்துக்கொள்வது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. ஓட்டிவந்தவர் மேக்னெட்டோ போய்விட்டது, கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். நானா ஸ்பானரைத் தொடமாட்டார். "தம்பி, மூடியத் தொறந்து பாருங்க" என்பார். திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் வைத்தியம் ஒரு குண்டூசி. சத்தம் வராவிட்டால்தான் பிளக்கைக் கழற்றி, சூட்டோடு சூடாகத் தீப்பொறி பார்ப்பது. ஆறியபிறகு பார்த்தால் எல்லாம் நல்லதாகவே காட்டும். எத்தனையோ கராஜ்களில் நல்ல மேக்னெட்டோக்கள் இப்படித்தான் அநியாயமாகப் பிரிக்கப்பட்டன.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. மேக்னெட்டோவின் கரித்துண்டு உரசும் வளையத்தில் ஈரம் ஏறும். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, பொயின்ட் இடைவெளியை 12 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு என்று வைத்தால் போதும். உயரத்தின் தொல்லை தனி. கண்டி ஏறக்குறைய 500 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர். காற்று மெலிவதால் பெட்ரோல் கூடிப் போய் பிளக் கறுக்கும். 3,000 அடிக்கு மேலே மெயின் ஜெட்டை ஏறத்தாழ 5 சதவீதம் சிறிதாக்கு என்று அந்தக் காலத்து பிரித்தானியக் கைநூல்கள் சொல்லும். நுவரெலியாப் போட்டிக்குப் போகிறவர்கள் பையில் ஜெட் கொண்டுபோவார்கள். தோட்டத்து வண்டிக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. நடைவேகத்தில் த்ரொட்டில் கால்வாசிகூடத் திறப்பதில்லையே, மெயின் ஜெட்டுக்கு அங்கே வேலை ஏது? பைலட் திருகாணியைக் கொஞ்சம் திருப்பி, எஞ்சின் சீராக மூச்சு விடுவதைக் காதால் கேட்டு நிறுத்தினால் சரி.

வண்டியை மலைக்குத் தோதாக்குவதும் கராஜ் வேலை. சைட்கார் பூட்டுகிறவர்களுக்கென்று விற்ற சிறிய முன் ஸ்ப்ரொக்கட்டைத் தேடிப் போட்டால் முதல் கியர் இன்னும் மெதுவாகும். சைலன்சரைத் தூக்கிக் கட்ட வேண்டும். க்ளட்ச் கேபிள் அறுந்தால் மலையில் வேறு வழியில்லை, அதனால் பக்கத்திலேயே இன்னொரு கேபிளை முன்கூட்டியே இழுத்துக் கட்டிவைப்பது. சேற்றுக்கு டயரில் காற்றைக் குறைப்பார்கள். குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும், ஆகவே ரிம் லொக் போட வேண்டும். இன்றைய ட்ரயல்ஸ் வண்டிகளில் பின் டயருக்கு 4 பிஎஸ்ஐ அளவுதான் காற்று என்று பிற்காலத்தில் படித்தபோது நானாவை நினைத்துச் சிரித்தேன். அவர் காற்றை அளந்ததே கிடையாது, கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். இன்னொன்று, ஹேண்டிலில் இருக்கும் சின்ன லீவர். தீப்பொறியை முன்பின்னாக்குவது. ஏற்றத்து வளைவில் அதைப் பின்னுக்குத் தள்ளினால் எஞ்சின் துள்ளாமல், ஒவ்வொரு அடியாக இழுக்கும். இப்போதைய வண்டிகளில் அந்த லீவர் இல்லை, அதை எண்ணித் துக்கப்படுகிறவர் கண்டியில் அநேகமாக நான் ஒருவனாக இருக்கலாம்.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. 1972, 1975 காணிச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போயின. பழைய துரைமார் கப்பலேறினார்கள், வண்டிகள் தங்கிவிட்டன. பாகங்கள் வரவில்லை. கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் நாள் முழுக்க அலைந்தாலும் ஒரு பிஸ்டன் ரிங் கிடைக்காது. கார் பிஸ்டனை லேத்தில் கடைந்து போட்டோம். புஷ்களைப் பித்தளையில் கடைந்தோம். கேஸ்கட் வெட்ட எந்த அட்டையும் தப்பவில்லை. பிஎஸ்ஏ சட்டத்துக்குள் மெட்ச்லெஸ் சக்கரம், ஏரியல் தாங்கி. எது எந்த வண்டி என்று வருமானவரிக்காரன் வந்தாலும் சொல்ல முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்கொட்லாந்தில் கின்லொக்லீவன் என்ற ஊரில் ஆண்டுதோறும் 1965க்கு முந்திய வண்டிகளுக்கென்று ஒரு ட்ரயல்ஸ் நடக்கிறது. அங்கே ஓயாத வழக்கு ஒன்று உண்டு: எது அசல்? வெளியே பழைய தோற்றம், உள்ளே இன்றைய இலகு உலோகம், இன்றைய போர்க் உள்ளுறுப்பு. பரிசோதகர் எதை விடுவது, எதைத் தள்ளுவது? பணமுள்ளவன் பழைய வண்டியின் வேஷத்தில் புது வண்டியை ஓட்டுகிறான் என்பது ஒரு கட்சி. அறுபது வருஷத்து இரும்பை அப்படியே ஓட்டினால் உடையும், பொருத்தமான பாகம் போடுவதில் என்ன பிழை என்பது மறுகட்சி. எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. பாகம் எப்போது பிறந்தது என்பதை விட்டுவிட்டு, அந்தக் காலத்துக் கையும் அந்தக் காலத்துக் கருவியும் அதைச் செய்திருக்க முடியுமா என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் கட்டுகஸ்தோட்டையில் கடைந்த புஷ் தேறும், டைட்டேனியம் தேறாது. கார் பிஸ்டன் போட்ட எங்கள் எம்20 ஒரு பாகம்கூட மாற்றாமல் உள்ளே போகலாம்.

இதைவிடப் பெரிய சண்டை நிற்பதைப் பற்றியது. ட்ரயல்ஸில் குறைந்த புள்ளிக்காரர் வெல்வார். கால் ஊன்றாமல் கடந்தால் பூச்சியம். ஒரு முறை ஊன்றினால் 1. இரண்டு முறைக்கு 2. அதற்கு மேல் எத்தனை முறையானாலும் 3. விழுந்தாலோ எல்லைக்கு வெளியே போனாலோ 5. வண்டி நின்றால்? பழைய வழக்கப்படி அதுவும் 5. பிறகு ஸ்பெயினும் அமெரிக்காவும் வந்தன. 1979இல் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் பேர்னி ஷ்ரைபர், நின்ற இடத்தில் வண்டியைத் துள்ளவைத்துத் திருப்பினார். பிறகு வந்த ஜோர்டி டாரெஸ் சைக்கிள் ட்ரயல்ஸில் வளர்ந்தவர். ஏழு முறை உலகச் சம்பியன். நிற்கலாம் என்றானபின் பாறைகள் சுவர்களாயின, வண்டிகள் இருக்கையே இல்லாமல் 70 கிலோ சொச்சத்துக்கு மெலிந்தன. 2013இல் சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனம் நிற்கக்கூடாது என்ற விதியை உலகப் போட்டிக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது ஸ்பெயின்காரர்கள் கொதித்தார்கள். 2007 முதல் பட்டத்தை விடாமல் பிடித்திருந்த டோனி போ அந்த விதியிலும் வென்றார் என்பது வேறு கதை.

நிற்பவர்கள் பக்கத்து நியாயத்தை நான் ஒதுக்கவில்லை. நின்றதா, நிற்கவில்லையா என்பதை நடுவரின் கண் தீர்மானிக்கிறது. ஒருவர் அரை விநாடியை மன்னிப்பார், அடுத்தவர் மாட்டார். நின்று துள்ளுவது பார்க்கவும் அழகு. ஆனால் கலஹா மலையில் மழைபெய்த களிமண் ஏற்றத்தில் ஒருமுறை வண்டியை நிறுத்திப் பாருங்கள். பின் சக்கரம் திரும்பப் பிடிக்காது. தள்ளுவதற்கு ஆள் வரும்வரை நிற்க வேண்டியதுதான். மண் சொல்கிற விதியே போதும் எனக்கு.

எங்கள் மொழி பேசும் ஊருக்கும் இந்த வித்தையில் ஒரு பங்கு உண்டு. ரோயல் என்ஃபீல்ட் புல்லட்டின் முதல் மாதிரிகள் 1948இல் இங்கிலாந்தின் ட்ரயல்ஸ் களத்தில்தான் தலைகாட்டின. பின்சக்கரத்துக்கு ஸ்ப்ரிங் வைத்த வண்டி சேற்றில் பிடிக்குமா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். 1952இலும் 1957இலும் ஜோனி பிரிட்டன் அதே புல்லட்டில் ஸ்கொட்லாந்து ஆறு நாளை வென்றார். 1955இல் சென்னையில் கூட்டு நிறுவனம் அமைந்து, அந்த வண்டி திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் நின்றுபோன பின்னும் அங்கே தொடர்ந்தது. 2019இல் சிவப்புச் சட்டத்தோடு புல்லட் ட்ரயல்ஸ் என்று ஒன்றை வெளியிட்டார்கள். படத்தைப் பார்த்தேன். சைலன்சர் தூக்கியிருந்தது சரி. அந்தப் பாரத்தோடு அதை யாரும் பாறையில் ஏற்றப்போவதில்லை.

1965இல் சம்மி மில்லர் 250 சி.சி. ஸ்பானிய புல்டாகோவில் ஸ்கொட்லாந்தை வென்றதோடு கனமான பிரித்தானிய வண்டிகளின் கதை உலகத்தில் முடிந்தது. கண்டியில் அது முடிய 1977க்குப் பிறகு சந்தை திறக்க வேண்டியிருந்தது. ஹொண்டா எக்ஸ்எல், யமஹா டிடி வந்தன. உதைத்தால் ஸ்டார்ட், மழைக்குப் பயமில்லை. தோட்டங்கள் 1992இல் கம்பனிகளுக்குப் போனபோது சின்னத்துரைமாரில் நம்மவர்களும் இருந்தார்கள், அவர்களுக்குக் கீழே இருந்ததும் ஹொண்டாதான். நானா அந்த வண்டிகளையும் பார்த்தார், பழுதே வராத வண்டியில் என்ன மரியாதை என்றார்.

இப்போது வார இறுதிகளில் இளைஞர்கள் ஹந்தானைக்கும் நக்கிள்ஸ் பக்கத்துக்கும் வண்டி கொண்டுபோகிறார்கள். நக்கிள்ஸ் 2010இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கும் காடு. அங்கே பின்சக்கரத்தைச் சுழற்றி மண்ணைக் கிளறுவதை நான் ஒப்பமாட்டேன். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் பெட்ரோல் தந்தபோது சிலர் என்னிடம் வந்து, குறைந்த எண்ணெயில் என்ன விளையாடலாம் என்று கேட்டார்கள். கைவிட்ட கல்லுடைக்கும் இடம் ஒன்றும், பத்துக் கயிறும், கண்ணுள்ள ஒரு நடுவரும் இருந்தால் ஒரு லீட்டரில் ஒரு பகல் ட்ரயல்ஸ் ஓடலாம் என்றேன். விதி எழுதித்தரக் கேட்டார்கள். ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொடுத்தேன்: கால் ஊன்றினால் 1, நின்றால் 5, தேயிலைச் செடியில் டயர் பட்டால் அன்றைக்கு வீட்டுக்கு.